கரண்ட் வைத்த பிறகு விழுங்கும் பயிற்சி: கேள்வி பதில்

வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்க்குக் கதிரியக்கம் (பேச்சுவழக்கில் கரண்ட்) முடித்தவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவர் பதில் சொல்கிறார். மருந்து, ஸ்கேன் ரிப்போர்ட் பற்றிய கேள்விகளை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

திருச்சி: அப்பாவுக்கு 64 வயசு. நாக்கோட அடிப்பகுதியில வந்தது. 35 கரண்ட் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. இட்லி, குழைஞ்ச சாதம் எல்லாம் சாப்பிடுறார். "நல்லாத்தானே முழுங்குறேன், எதுக்கு இந்தக் கூத்து"ன்னு பயிற்சியை விட்டுட்டார். என்ன சொல்லிப் புரியவைக்கிறது?

பதில்: அவர் கேட்பது நியாயமான கேள்வி. இதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். ஏழு வாரத்தில் 70 கிரே (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வாங்கிய தொண்டையில் புண் ஆறுவது தெரியும். தசைக்குள் தழும்பு படிவது தெரியாது. அது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் மெதுவாக நடக்கும். நாக்கின் அடிப்பகுதி பின்னால் தள்ளும் பலம் குறையும், குரல்வளை மேலேறும் தூரம் குறையும், சாப்பாட்டில் கொஞ்சம் தொண்டையிலேயே தங்கும். அவர் "நல்லா முழுங்குறேன்" என்று சொல்லும் இந்த மாதங்கள்தான் பயிற்சிக்கு உரியவை. இறுகிப்போன பிறகு இளக்குவது கஷ்டம்.

பயிற்சியை விடுகிறவர்களில் பலர் சோம்பலால் விடுவதில்லை, வாய் வறட்சியால் விடுகிறார்கள். தாளில் "எச்சில் விழுங்கு, 10 முறை" என்று இருக்கும். நாலாவது முறைக்கே எச்சில் தீர்ந்துவிடும், ஐந்தாவதில் தொண்டை ஒட்டிக்கொள்ளும். "எனக்கு வரலை" என்று தாளை மடித்து வைத்துவிடுவார். அதனால் பத்தை ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள். ஒவ்வொரு விழுங்கலுக்கும் நடுவே அரை நிமிடம் விடுங்கள். தண்ணீர் குடிக்க அனுமதி உள்ளவர் என்றால் நடுநடுவே அரை டீஸ்பூன் தண்ணீர் எடுக்கலாம்.

நேரத்தை ஏற்கெனவே இருக்கிற வேலையோடு கட்டிவிடுங்கள். காலை பல் தேய்த்ததும், மதியம் தட்டு வைக்கும் முன், ராத்திரி மாத்திரைக்கு முன். வேளைக்குப் பத்து நிமிடம் போதும். சமையலறைக் காலண்டரில் அவரே கோடு போடட்டும், நீங்கள் போடாதீர்கள். ஒரு நாள் விட்டால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். தொண்டை வலித்து மூன்றாம் நாளும் போய்விடும். பொதுவாக முதல் ஆறு மாதம் தினமும், பிறகு பரிசோதித்துவிட்டு வாரத்தில் சில நாள் என்று குறைப்போம். அடியோடு நிறுத்தச் சொல்வதில்லை.

கோவை: மெண்டல்சன் பயிற்சி சரியா பண்றேனான்னே தெரியல. மசாகோவும் குடுத்திருக்காங்க.

பதில்: மெண்டல்சன் என்றால் விழுங்கும்போது குரல்வளையை மேலேயே நிறுத்திப் பிடிப்பது. ஆள்காட்டி விரலை மோவாய்க்குக் கீழே மெதுவாக வையுங்கள். நடுவிரல் குரல்வளை மேட்டின் மேல் இருக்கட்டும். எச்சில் விழுங்குங்கள். மேடு விரலைத் தாண்டி மேலே போய்த் திரும்பும். அதுதான் சாதாரண விழுங்கல். அடுத்த முறை அது உச்சிக்குப் போனதும் தொண்டையை இறுக்கி அங்கேயே நிறுத்துங்கள். முதலில் இரண்டு நொடி, பழகப் பழக ஐந்து நொடி. பிறகு விடுங்கள்.

இங்கே இரண்டு தவறு நடக்கும். ஒன்று, விரலாலேயே மேட்டைத் தூக்கிப் பிடிப்பது. விரல் பார்க்கத்தான், தூக்க இல்லை. இன்னொன்று, விழுங்கி முடித்துவிட்டு மூச்சை மட்டும் அடக்குவது. மேடு கீழே வந்துவிட்டால் அந்த முறை கணக்கில் சேராது.

மசாகோவில் நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவே லேசாகக் கவ்விக்கொண்டு எச்சில் விழுங்க வேண்டும். நாக்கு முன்னால் மாட்டிக்கொள்வதால் தொண்டையின் பின்சுவர் முன்னே வந்து ஈடுகட்டும். அந்தச் சுவருக்குத்தான் வேலை. இதை எச்சிலோடு மட்டும் செய்யுங்கள். தண்ணீர், சாப்பாடு எதுவும் கூடாது. நாக்கைக் கட்டிப்போட்டு விழுங்கினால் தொண்டையில் மிச்சம் நிற்கும், அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். வாய் காய்ந்தால் நனைத்துத் துப்பிவிட்டுத் தொடருங்கள்.

சேலம்: எத்தனை நாள் செய்யணும்?

பதில்: திருச்சிக்காரருக்குச் சொன்னதன் கடைசி வரிகள்.

மதுரை: அம்மாவுக்குக் கரண்ட் முடிஞ்சு எட்டு மாசம். சாதம் இறங்குது, தண்ணிதான் புரையேறுது. ரசம் சாதம் குடுத்தா இன்னும் மோசம். லேசான சாப்பாடுதானே?

பதில்: வயிற்றுக்கு லேசு, தொண்டைக்கு அப்படி இல்லை. ரசம் சாதத்தில் ரசம் ஓடும், சாதம் நிற்கும். வாய் சாதத்தை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் தொண்டைக்குப் போய்விடும், குரல்வளை மூட நேரமிருக்காது. மோரில் மிதக்கும் சாதமும், சாம்பாரில் மிதக்கும் இட்லியும் இதே கதைதான். சாதத்தைக் கெட்டித் தயிரோடு மசித்து ஒரே பதமாகக் கொடுங்கள். ராகிக் கஞ்சி ஆற ஆற இறுகும், அதனால் கொடுக்கும்போது இருக்கும் பதத்தைப் பாருங்கள்.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டாதீர்கள். இருமல்தான் வெளியே தள்ளும், இருமவிடுங்கள்.

அடுத்ததை எல்லோரும் கேளுங்கள். அண்ணாந்து தண்ணீர் குடிக்காதீர்கள். சொம்பைத் தூக்கி வாய்க்குள் ஊற்றினால் தண்ணீரின் வேகத்தை நாக்கு கட்டுப்படுத்தாது. தலை பின்னால் சாயும்போது குரல்வளை மூடுவதும் கஷ்டம். கரண்ட் வாங்கிய குரல்வளை ஏற்கெனவே தாமதமாகத்தான் மூடும். அம்மாவை விழுங்கும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். எக்ஸ்ரேயில் தெரியும் பேரியத்தைக் கொடுத்து, அது இறங்குவதை வீடியோ எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள், அல்லது மூக்கு வழியாக கேமரா விட்டுப் பார்ப்பார்கள்.

தஞ்சாவூர்: நீங்க சொல்றது தப்பு மேடம். என் மனைவிக்கு நாக்குல பாதி எடுத்திருக்கு. தலையைப் பின்னால சாய்ச்சு முழுங்கச் சொல்லித் தெரபிஸ்ட்டே சொல்லிக்குடுத்தாங்க. பிரமாதமா இறங்குது.

பதில்: அந்தத் தெரபிஸ்ட் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் சொன்னதும் சரி. உங்கள் மனைவிக்கு முன்நாக்கு சாப்பாட்டைப் பின்னால் தள்ளாது, தலையைச் சாய்த்தால் அதுவே சரிந்து போகும். குரல்வளை நன்றாக மூடுகிறவர்களுக்கு மட்டும், பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்லித்தருவார்கள். கூடவே மூச்சை இழுத்து அடக்கி, விழுங்கி, உடனே இருமி, மறுபடி விழுங்கி, அதன் பிறகே மூச்சு வாங்கு என்றும் பழக்கியிருப்பார்கள். மதுரை அம்மாவுக்குச் சிக்கல் நாக்கில் இல்லை, மூடுவதில். அறுவை சிகிச்சைக்குப் பிறகு உங்கள் மனைவிக்குக் கரண்ட் வைத்தார்களா?

தஞ்சாவூர்: 30 வச்சாங்க. அதுக்கப்புறம் பரிசோதனை ஏதும் இல்ல. ஆனா இருமலே இல்லையே, எதுக்கு?

பதில்: இருமல் இல்லாதது நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ள முடியாது. கதிரியக்கம் தொண்டையின் உணர்ச்சியையும் மழுக்கும். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் சிலருக்கு இருமலே வராது. குடித்த பிறகு குரல் ஈரமாக, கொப்புளிக்கிற மாதிரி கேட்கிறதா? அடிக்கடி காய்ச்சல், சளி? எடை குறைகிறதா? மூன்றும் இல்லாவிட்டாலும், கரண்டுக்கு முன் சொல்லித்தந்த நிலையைக் கரண்டுக்குப் பின் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

ஈரோடு: அப்போ எல்லாரும் குனிஞ்சு மோவாயை நெஞ்சுல வச்சு முழுங்கினா சேஃப்தானே?

பதில்: இல்லை. அது சிலருக்கு உதவும். குரல்வளைக்குப் பக்கவாட்டுக் குழிகளில் மிச்சம் தங்குகிறவர்களுக்குக் குனியும்போது அது உள்ளே வழியலாம். பரிசோதனையில் பார்க்காமல் அண்ணாந்தும் வேண்டாம், குனிந்தும் வேண்டாம். நேராக உட்காருங்கள்.

சென்னை: எங்க வீட்ல டம்ளர்ல வாய் வச்சுக் குடிக்கிற பழக்கமே இல்ல, எச்சில்னு மாமியார் ஒத்துக்க மாட்டாங்க. என்ன பண்றது?

பதில்: அவருக்கென்று தனிப் பாத்திரம் வையுங்கள், சண்டை முடிந்தது. ஆனால் உயரமான குறுகிய டம்ளர் வேண்டாம். பாதிக்குக் கீழே தண்ணீர் போனதும் விளிம்பு மூக்கில் இடிக்கும், தலை தானாகப் பின்னால் போகும், அண்ணாந்து குடித்த மாதிரியே ஆகிவிடும். அகலமான டபராவில் கொடுங்கள். கால்வாசி குறைந்ததும் மறுபடி நிரப்புங்கள். வாய்க்கு ஒரு டீஸ்பூன் அளவு, ஒன்று இறங்கிய பிறகுதான் அடுத்தது.

வேலூர்: மூக்குல டியூப் இருக்கு. டியூப் எடுத்தப்புறம் பயிற்சி ஆரம்பிக்கலாமா?

பதில்: இன்றைக்கே ஆரம்பியுங்கள். டியூப் இருந்தாலும் எச்சில் விழுங்கலாம், பயிற்சியும் செய்யலாம். டியூப் வழியாகவே பசி அடங்கிவிடுவதால் தொண்டை வேலையில்லாமல் கிடக்கும், அதுதான் ஆபத்து. வாய்ப்புண் வலி இருந்தால் டாக்டர் கொடுத்த வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துச் செய்யுங்கள். மரக்கவைக்கும் ஜெல் தடவிக்கொண்டு எதையும் சாப்பிட வேண்டாம். டியூப்பில் என்ன, எவ்வளவு ஊற்றுவது என்பதை டயட்டீஷியனிடம் கேளுங்கள்.

நாகர்கோவில்: வாய் ரெண்டு விரல்தான் திறக்குது. முன்னாடி பாக்கு போடுவேன்.

பதில்: மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்து எழுதிவையுங்கள். 35 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் தாடை இறுக்கம். பாக்கு வாய்க்குள் நாரிறுக்கம் கொண்டுவரும், அதன் மேல் கதிரியக்கமும் சேர்ந்திருக்கிறது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே வையுங்கள். எத்தனை குச்சி நுழைகிறதோ அத்தனையில் ஆரம்பித்து 30 நொடி வைத்திருங்கள். ஐந்து தடவை, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. தசை இழுக்கிற மாதிரி இருக்கலாம், குத்துகிற மாதிரி வலிக்கக் கூடாது. முன்பல்லில் வைத்து நெம்பாதீர்கள், பல் ஆடும். பாக்கை இன்னும் போடுகிறீர்கள் என்றால் குச்சி வேலை செய்யாது.

திண்டுக்கல்: பல் ஒண்ணு ஆடுது, பிடுங்கிடலாமா?

பதில்: ரேடியேஷன் டாக்டரைக் கேட்காமல் பிடுங்காதீர்கள். தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

கடலூர்: தொண்டைல ஒட்டி கரண்ட் குடுக்குற மெஷின் இருக்காமே?

பதில்: அது வேறு கரண்ட். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, கதிரியக்கம் முடித்தவர்களிடம் அதைச் சோதித்தன, முடிவு 2016இல் வெளியானது. எல்லோரும் பயிற்சி செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு மெஷின் உண்மையாகவே ஓடியது, மற்றவர்களுக்கு ஒப்புக்கு ஒட்டியிருந்தது. உண்மையான மெஷினால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. அந்தக் காசில் நல்ல டபரா வாங்கலாம்.

கரூர்: பயிற்சி எத்தனை மாசம் பண்ணணும் மேடம்?

பதில்: மேலே பாருங்கள். மூன்றாவது முறை கேட்டால் "ஆயுசுக்கும்" என்று சொல்லிவிடுவேன்.

யாழ்ப்பாணம்: அப்பாவுக்கு ரேடியேஷன் முடிஞ்சு ஒன்பது வருஷம். இவ்வளவு காலமும் நல்லாச் சாப்பிட்டவர். இப்ப ரெண்டு மாசமாப் புரைக்கேறுது, நாக்கு ஒரு பக்கம் மெலிஞ்சு சுருங்கின மாதிரிக் கிடக்கு. விட்ட பயிற்சியைத் திரும்பத் தொடங்கலாமோ?

பதில்: பயிற்சிக்கு முன் டாக்டரிடம் போங்கள், இந்த வாரமே. புதிதாக வந்த மாற்றம் எதுவானாலும் நோய் திரும்பவில்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். அது இல்லையென்றால், நாக்கை அசைக்கும் நரம்பைக் கதிரியக்கம் பல வருடம் கழித்துப் பாதித்திருக்கலாம். அப்படி நடப்பதுண்டு. பிறகு விழுங்கும் பரிசோதனை. எந்தப் பயிற்சி, எந்தப் பதத்தில் சாப்பாடு என்பது அதைப் பார்த்துத்தான். அதுவரை தனியாக உட்கார்ந்து சாப்பிட விடாதீர்கள். தண்ணீரை அண்ணாந்து குடிக்கவும் விடாதீர்கள்.

சென்னை: மறுபடி நான்தான். டபரா எவ்வளவு அகலம் இருக்கணும்?

பதில்: கடைசி மடக்கிலும் விளிம்பு மூக்கில் இடிக்காத அகலம்.