எல்லா வாரமும் நீங்களேதான் அடிக்க வேண்டுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். சிறுவயதில் மிருதங்கம் படித்தவள். இப்போது ஒரு பௌத்த ஆலயத்தின் தைகோ குழுவில் ஜப்பானிய முரசு வாசிக்கிறேன். முன்னோரை நினைவுகூரும் ஜப்பானிய ஓபோன் விழாக்கள் வருவதால் ஜூலை முழுக்க வார இறுதிகளில் நிகழ்ச்சி, வாரத்தில் இரண்டு இரவு ஒத்திகை. வலது மணிக்கட்டு இப்போதே வலிக்கிறது. "பொண்ணோட நீச்சல் கிளாஸுக்குக்கூட நீ வர்றதில்ல" என்கிறார் கணவர். குழுத் தலைவரிடம் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். இனி எப்படிப் பின்வாங்குவது?
– பெயர் வேண்டாம்

பதில்: முதலில் மணிக்கட்டு. ஒத்திகைக்கு மறுநாள் காலையிலும் வலி இருந்தால் அதை அசதி என்று தள்ளிவிடாதீர்கள். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். கை களைத்ததும் 'பாச்சி'யை, அதாவது குச்சியை, நம்மை அறியாமல் இறுக்கிப் பிடிப்போம். பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். மேடையில் அடிப்பது மட்டுமல்ல, முன்னும் பின்னும் செய்யும் வேலையும் கையைப் படுத்தும். முரசுகளை வேனில் ஏற்றி இறக்குவதும் ஷிமே முரசின் கயிற்றை இழுத்துக் கட்டுவதும் வலி தீரும்வரை உங்களுக்கு வேண்டாம். வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

இனி அந்த 'சரி'. கோயிலிலும் திருவிழாவிலும் ஒலித்துவந்த தைகோவை, பல அளவு முரசுகள் சேர்ந்த குழு இசையாக 1951இல் வடிவமைத்தவர் ஜப்பானின் நாகானோவைச் சேர்ந்த ஜாஸ் டிரம்மர் தாய்ஹாச்சி ஒகுச்சி. குழு என்றால் ஒருவர் இல்லாத அன்று இன்னொருவர் அந்த இடத்தில் நின்று அடிக்க முடிய வேண்டும். நீங்கள் எதையும் விடாமல் ஒப்புக்கொண்டதால் உங்கள் பாகத்தை வேறு யாரும் கற்கவில்லை. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் குழு என்ன செய்யும்? இதைப் பொறுப்புணர்வு என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பகுதி ஆலயங்கள் ஓபோனை ஒரே நாளில் வைக்காமல் வெவ்வேறு வார இறுதிகளில் வைப்பதால் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. உங்கள் சொந்த ஆலயத்தின் விழாவை விடாதீர்கள். வெளி ஆலயங்களில் இரண்டை விடுங்கள்.

ஒத்திகையைக் குறைக்க வேண்டாம், அடியைக் குறையுங்கள். தைகோவிலும் 'டொன்', 'டொகொ', 'கா' என்று வாயால் சொல்லிப் பழகும் முறை உண்டே! மிருதங்கச் சொற்கட்டு சொல்லி வளர்ந்த உங்களுக்கு அது கைவந்த கலை. பாதிப் பயிற்சியை வாயிலேயே முடிக்கலாம்.

காதையும் கவனியுங்கள். அமெரிக்கப் பணிநலப் பரிந்துரைப்படி 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். மூடிய கூடத்தில் தைகோ அந்த அளவை எளிதாகத் தாண்டும். இசைக் கலைஞர்களுக்கென்று விற்கும் காதடைப்பான் இல்லாமல் ஒத்திகைக்குப் போகாதீர்கள்.

கணவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. கூட்டத்தில் நின்று நீங்கள் வாசிப்பதைப் பார்ப்பது மகளுக்கு உங்களோடு கழித்த நேரம் ஆகாது. வாசித்து முடித்ததும் ஓபோனில் எல்லோரும் சேர்ந்து ஆடும் 'போன் ஓதோரி' நடனத்துக்கு அவளைக் கைபிடித்துக் கூட்டிப் போங்கள். விடும் இரண்டு வார இறுதிகள் முழுக்க அவளுக்கு.

தலைவருக்கு இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: "மணிக்கட்டு வலி. இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கு வர இயலாது. அடுத்த ஒத்திகையிலேயே என் பாகத்தை ஒருவருக்குச் சொல்லித் தருகிறேன். யாருக்கு என்று சொல்லுங்கள்." மன்னிப்புக் கேட்டு நாலு பத்தி எழுத வேண்டாம். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் சொன்னால்தான் அவர் கோபப்படுவார்.