மாண்டிசோரி கிளாஸ்ல பிள்ளைங்க எப்படி சேர்ந்து வளருறாங்க: உங்க கேள்விகளுக்கு பதில்

நான் 3–6 வயசு கிளாஸ் பல வருஷமா நடத்திட்டு இருக்கேன், நடுவுல 6–9 பிள்ளைங்களோடவும் இருந்திருக்கேன். கணக்கு, ரீடிங் பத்தின கேள்விகளை இன்னொரு நாள் பாக்கலாம், இன்னைக்கு பிள்ளைங்க ஒருத்தரோட ஒருத்தர் எப்படி பழகுறாங்கங்கிறது மட்டும். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி (3 வயசுப் பையனோட அம்மா): அக்கா, ஸ்கூல் பாக்கப் போனோம். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியா மேட் விரிச்சு அதுபாட்டுக்கு வேலை பண்ணிட்டு இருக்கு, யாரும் யாரோடயும் சேர்ந்து விளையாடவே இல்ல. இப்படியே இருந்தா என் பையன் யாரோடயும் ஒட்டாம வளர்ந்துடுவானோன்னு பயமா இருக்கு.

பதில்: 3 வயசுப் பிள்ளை இயல்பாவே பக்கத்துல ஆள் இருக்க தன் வேலையைத் தான் பாக்குற வயசும்மா, சேர்ந்து பண்றதெல்லாம் நாலு நாலரைக்கு மேல தானா வரும். ஆனா நீங்க பாத்த அந்த ரூம்ல பழக்கம் நடக்கலன்னு நினைக்காதீங்க, அது பேச்சுல இல்லாம வேற இடத்துல நடந்துட்டு இருந்திருக்கும். தண்ணி ஊத்துற ட்ரே ரூமுக்கே ஒண்ணுதான் இருக்கும், பெருசு மேல சின்னதுன்னு அடுக்குற கட்டைங்க, பிங்க் டவர்னு சொல்வோம், அதுவும் ஒரு செட்டுதான், வேணும்னேதான் அப்படி வெச்சிருக்கோம். ஒரு பையனுக்கு அந்த ட்ரே வேணும், இன்னொருத்தி அதை வெச்சு பண்ணிட்டு இருக்கா. அவன் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு பக்கத்துல நின்னு பாக்குறான், கொஞ்சம் கிட்ட குனிஞ்சு பாக்குறான், அவ ஜக்கை வைக்கிறா, சிந்துனதை ஸ்பாஞ்சால ஒத்தி எடுக்குறா, ட்ரேவோட அடியையும் துடைக்கிறா, கொண்டுபோய் ஷெல்ஃப்ல வைக்கிறா. அவ கை எடுத்த அடுத்த நொடி இவன் எடுத்துக்குறான். ஒரு வார்த்தை பேசல, ஆனா அவன் காத்திருந்தான், அவ தனக்கப்புறம் வர்றவனுக்காக ட்ரேயைக் காய வெச்சுட்டுப் போனா. அடுத்தவங்க மேட்டை மிதிக்காம சுத்திப் போறதும் இதே கணக்குதான்.

கேள்வி: அப்போ ஷேர் பண்ணச் சொல்லித் தர மாட்டீங்களா?

பதில்: கையில இருக்கிறதைப் பிடுங்கி "அவனுக்குக் கொடு"ன்னு சொல்ல மாட்டோம். முடிக்கிற வரைக்கும் அது அவனோடது, முடிச்சதும் எல்லாரோடதும். யாரும் பிடுங்க மாட்டாங்கன்னு நம்பிக்கை வந்த பிள்ளைதான் "நீயும் வா, சேர்ந்து பண்ணலாம்"னு தானா கூப்பிடும்.

கேள்வி (அஞ்சரை வயசுப் பொண்ணோட அப்பா): மேடம், கோவிச்சுக்காதீங்க. என் பொண்ணு தினமும் சின்னப் பிள்ளைங்களுக்கு பட்டன் போட்டு விடுறா, அவங்க சிந்துனதைத் துடைக்கிறா, நம்பர் சொல்லித் தர்றா. நான் அவளைப் படிக்கத்தானே அனுப்பினேன், ஆயா வேலை பாக்கவா? மூணாவது வருஷம் வேண்டாம், வேற ஸ்கூல் மாத்திடலாமான்னு வீட்ல பேச்சு ஓடுது.

பதில்: கோவமெல்லாம் இல்லங்க, நியாயமான கேள்விதான். மூணு, நாலு, அஞ்சு வயசுப் பிள்ளைங்க எல்லாரும் ஒரே ரூம்ல மூணு வருஷம் இருக்கிறது இடம் பத்தாம செஞ்ச ஏற்பாடு இல்ல, மாண்டிசோரி முறையோட அடித்தளமே அதுதான். 1907 ஜனவரில ரோம்ல சான் லொரென்சோங்கிற ஏழை மக்கள் பகுதியில முதல் மாண்டிசோரி பள்ளியான 'குழந்தைகள் வீடு' திறந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு, பள்ளிக்கூடம் போற வயசு வராத பிள்ளைங்க எல்லாரும் ஒரே கூடத்துல. பெரியவ செய்யிறதை சின்னது பாத்து கத்துக்குது, டீச்சர் காட்டுறதை விட அது வேகமா ஏறும், ஏன்னா "இன்னும் கொஞ்ச நாள்ல நானும் இதைப் பண்ணுவேன்"னு அதுக்குக் கண்ணு முன்னாடியே தெரியுது.

சரி, பெரியவளுக்கு என்ன லாபம்னுதானே கேக்குறீங்க? எண்ணைக் கத்துக்க வெச்சிருக்கிற மணிகள், அதாவது கோல்டன் பீட்ஸ்ல, பத்து மணி கோத்த கம்பி பத்து சேர்ந்தா ஒரு நூறு மணிச் சதுரம்னு உங்க பொண்ணு எப்பவோ கத்துக்கிட்டிருப்பா. இப்போ ஒரு 4 வயசு வந்து "ஏன் இதைக் கொடுத்துட்டு அதை வாங்குற, இதுதானே நிறைய இருக்கு"ன்னு கேக்குது. அவ ஒரு நிமிஷம் முழிப்பா. அப்புறம் பத்துக் கம்பியையும் வரிசையா அடுக்கி அந்த சதுரத்து மேலயே வெச்சு "பாரு, ரெண்டும் ஒரே அளவு"ன்னு காட்டுவா. அந்த ஒரு நிமிஷ முழிப்புல தான் அவளுக்கே பாடம் கெட்டியாகுது. அதோட, முதல் வருஷம் எல்லாத்துக்கும் அடுத்தவங்க கையை எதிர்பார்த்த பிள்ளை மூணாவது வருஷம் "என்னால முடியும், என்கிட்ட கேக்க ஆள் இருக்கு"ங்கிற இடத்துக்கு வருது, வீட்ல கடைக்குட்டியா இருக்கிற பிள்ளைக்கு இந்த வாய்ப்பு வேற எங்க கிடைக்கும் சொல்லுங்க. ரெண்டு வருஷம் தண்ணி ஊத்தி வளர்த்துட்டு காய்க்கிற வருஷம் பிடுங்கி நடாதீங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது.

ஆனா ஒண்ணு. உதவி அவளா விரும்பிப் பண்ணணும், கொஞ்ச நேரத்துல தன் வேலைக்குத் திரும்பணும். ஆள் பத்தலன்னு பெரிய பிள்ளைங்களை ஸ்கூல் வேலை வாங்குதுன்னா அது தப்பு, தட்டிக் கேளுங்க. ஒரு நாள் காலைல போய் உக்காந்து பாருங்க, அவ தனக்குன்னு கஷ்டமான வேலை எடுத்து நீண்ட நேரம் பண்றாளான்னு. பண்றான்னா கவலையே வேண்டாம்.

கேள்வி: நானும் அப்படிப் போய் உக்காந்து பாத்தேன் அக்கா. ஆரம்பத்துல அமைதியா இருந்துச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு ஒரே சத்தம், பாதிப் பிள்ளைங்க சும்மா சுத்துறாங்க, மிஸ் ஒண்ணுமே சொல்லல. இதுக்கா இவ்ளோ பேரு?

பதில்: ஹா ஹா, சரியான நேரத்துக்குப் போயிருக்கீங்க. இந்த முறையை உருவாக்கின மரியா மாண்டிசோரியே இதைக் கவனிச்சு எழுதியிருக்காங்க, பொய்க் களைப்புன்னு. பிள்ளைங்க லேசான வேலை பண்ணிட்டு நடுவுல கொஞ்சம் அலைவாங்க, பாக்குறவங்களுக்கு "அவ்ளோதான், சோர்ந்துட்டாங்க, எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பாட்டு பாடலாம்"னு கை துறுதுறுக்கும். பாடாம விட்டா, தானா அடங்கி அன்னைக்கு இருக்கிறதுலயே பெரிய வேலையை எடுப்பாங்க. காலைல மூணு மணி நேரம் இடைவெளி இல்லாம கொடுக்குறது இதுக்காகத்தான். நீங்க அந்த சத்தத்துலயே கிளம்பி வந்துட்டீங்க போல, அடுத்த தடவை முழுசா இருங்க. அப்புறம், உங்க பிள்ளை வந்து பேசினா "நான் பாக்க வந்திருக்கேன், நீ உன் வேலையைப் பாரு"ன்னு சொன்னா போதும்.

அடிதடி, பொருளைத் தூக்கி எறியிறது எல்லாம் நடந்தும் மிஸ் சும்மா இருந்தாங்கன்னா அது வேற கதை, அதுக்கு பதில் கீழ இருக்கு.

கேள்வி (4 வயசுப் பையனோட அம்மா): என் பையனை ஒருத்தன் தள்ளி விட்டு முட்டியில காயம். தள்ளினவனுக்கு தண்டனையே இல்ல, ரெண்டு பேரையும் உக்கார வெச்சு பேசச் சொன்னாங்களாம். சுதந்திரம்னா இதுதானா?

பதில்: இல்லவே இல்ல. அடுத்தவங்களுக்கு நோவு கொடுக்குறது, தொந்தரவு பண்றது எதுவா இருந்தாலும் உடனே நிறுத்தணும், இது மாண்டிசோரி அம்மையார் தெளிவா போட்டு வெச்ச எல்லை. சுதந்திரம் வேலையைத் தேர்ந்தெடுக்கத்தான், கையை ஓங்க இல்ல.

பேச வெச்சாங்கன்னு சொன்னீங்களே, அது எப்படி நடந்துச்சுங்கிறதுலதான் விஷயம் இருக்கு. முதல்ல காயத்துக்கு மருந்து, அப்புறம் ரெண்டு பேரும் அழுகை ஓயிற வரைக்கும் வெயிட் பண்ணணும், அதுக்கப்புறம்தான் பேச்சு. அடிபட்டவன் முதல்ல பேசுவான். வார்த்தை வரலன்னா பெரியவங்க பக்கத்துல உக்காந்து எடுத்துக் கொடுப்போம்: "நீ தள்ளினப்போ எனக்கு வலிச்சுது. இனிமே தள்ளக் கூடாது." தள்ளினவன் அதை முகத்தைப் பாத்துக் கேக்கணும், அப்புறம் அவன் என்ன செய்யணும்னு யோசிக்கணும், சில பசங்க ஈரத் துணி எடுத்துட்டு வந்து கொடுப்பாங்க. நாலு வயசுக்கு "சாரி சொல்லு"ங்கிறதை விட இது ரொம்பக் கஷ்டமான வேலை, வாயால சொல்ற சாரி அரை செகண்ட்ல முடிஞ்சிடும். ஆனா ரெண்டரை வயசை உக்கார வெச்சு இதைப் பண்றதுல பிரயோஜனம் இல்ல.

இந்தப் பேச்செல்லாம் சண்டை நேரத்துல கத்துக்கொடுத்தா ஏறாது. எல்லாரும் சந்தோஷமா இருக்கிற வேளையில ரெண்டு நிமிஷ நாடகம் மாதிரி நடிச்சுக் காட்டுவோம், வழியில ஒருத்தர் நின்னா எப்படிக் கேக்குறது, வேலையா இருக்கிறவங்களை எப்படிக் கூப்பிடுறது, வேண்டாம்னா எப்படி சொல்றது. பிள்ளைங்க மாத்தி மாத்தி நடிச்சுப் பாப்பாங்க, "வேண்டாம்" சொல்ற பாகத்துக்கு எப்பவும் போட்டிதான்.

திரும்பத் திரும்பத் தள்ளுற பிள்ளைன்னா மிஸ் கூடவே வெச்சுக்கணும், கைக்கு வலுவா வேலை கொடுக்கணும், மேஜை தேய்க்கிறது, கனமான பொருளைத் தூக்கி வைக்கிறது. ஸ்கூல்ல போய் "அவனைத் தண்டிச்சீங்களா"ன்னு கேக்குறதை விட "இது மறுபடி நடக்காம இருக்க என்ன செய்றீங்க"ன்னு கேளுங்க. உருப்படியா பதில் வரலன்னா விடாதீங்க.

கேள்வி (7 வயசுப் பொண்ணு பத்தி): தங்கமா இருந்த பிள்ளை அக்கா! இப்போ எதுக்கெடுத்தாலும் "இது நியாயமே இல்ல", ரகசிய கேங், அதுல இவளைச் சேர்க்கலன்னு அழுகை, ஸ்கூல்ல கோள் சொல்றான்னு வேற கம்ப்ளைன்ட்.

பதில்: வாழ்த்துக்கள், அடுத்த கட்டத்துக்கு வந்துட்டா. ஆறு வயசுக்கு மேல பிள்ளைக்கு கூட்டம் வேணும், தலைவர் வேணும், சட்டம் வேணும். கோள் சொல்றதுன்னு நாம நினைக்கிறது பெரும்பாலும் சந்தேகம்தான்: "அவன் வரிசையில புகுந்துட்டான், நீங்க ஒண்ணும் சொல்லல, அப்போ இது தப்பா இல்லையா?" மாட்டி விடுறது அவ நோக்கம் இல்ல. அதனால "கோள் சொல்லாத"ன்னு வாயை அடைச்சுடாதீங்க, "நீ என்ன நினைக்கிற, எது சரி?"ன்னு திருப்பிக் கேளுங்க.

இந்த வயசு கிளாஸ்ல வாரத்துக்கு ஒரு மீட்டிங் வைக்கிறது உண்டு, பிள்ளைங்களே நடத்துவாங்க, தலைமை மாறி மாறி வரும், பிரச்சனையை ஒரு பேப்பர்ல முன்கூட்டியே எழுதி வைக்கணும். ஒரு தடவை பந்து தகராறு. "முதல்ல எடுக்குறவங்களுக்குத்தான் பந்து"ன்னு ஓட்டுப் போட்டு முடிவு பண்ணாங்க. அந்த வாரம் பூரா ஆளாளுக்கு வாசல்ல ஓட்டப் பந்தயம், ரெண்டு பேர் விழுந்தாங்க. அடுத்த மீட்டிங்ல அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்த பையனே அதைத் தூக்கணும்னு எழுதிப் போட்டிருந்தான். அது சரிவராதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும், வாயைத் திறக்காம உக்காந்திருந்தேன், அதுதான் எங்க வேலையிலயே சிரமமான பகுதி.

ஒருத்தரை மட்டும் தொடர்ந்து ஒதுக்குறது வேற விஷயம், அங்க பெரியவங்க உள்ள வந்தே ஆகணும். மீட்டிங்ல போட்டு அந்தப் பிள்ளையை எல்லார் முன்னாடியும் நிறுத்தக் கூடாது.

ஆறு வயசுக்கு மேல, அதாவது 6–12 வயசுப் பிள்ளை பத்தி பேச்சு வந்ததால ஒரு தகவல். அம்மையார் 1939ல நம்ம ஊருக்கு வந்தாங்க, அடையாறுல பயிற்சி கொடுத்தாங்க, போர்க்காலத்துல கொடைக்கானல்ல தங்கியிருந்தாங்க. இந்த வயசுக்கான கல்வி நல்லா உருவம் எடுத்தது அந்த மலையில பல வயசுப் பிள்ளைங்களோட இருந்தப்போதான்.

கேள்வி: ஸ்டார், பரிசு எதுவும் கிடையாதாமே?

பதில்: கிடையாது. யாரு ஃபர்ஸ்ட்டுன்னு வந்துட்டா அடுத்தவனுக்கு உதவுறது நஷ்டம் ஆயிடும்ல.

கேள்வி: என் மகன் சேர்ந்து ரெண்டு மாசம் ஆச்சு, ஸ்கூல்ல யார்கிட்டயும் பேசுறதே இல்ல, சும்மா வேடிக்கை பாக்குறானாம். வீட்ல வாய் ஓயாது.

பதில்: வேடிக்கை பாக்குறது சும்மா இல்ல, சில பிள்ளைங்க வாரக்கணக்கா பாத்துட்டு ஒரு நாள் நேரா எழுந்துபோய் யாரும் காட்டாமலே மேட்டைச் சுருட்டி வைக்கும். தலையாட்டுறான், சிரிக்கிறான், வேலை எடுக்குறான்னா பொறுங்க. ஆனா வீட்ல சரளமா பேசிட்டு ஸ்கூல்ல ஒரு வார்த்தை கூட வரல, புதுசா சேர்ந்த முதல் மாசம் தாண்டியும் அப்படியே இருக்குன்னா, ஒரு குழந்தை மருத்துவரையோ பேச்சுப் பயிற்சியாளரையோ பாத்துடுங்க. "பேசு பேசு"ன்னு வற்புறுத்தாதீங்க, அது இன்னும் இறுக்கிடும்.

கேள்வி: இதெல்லாம் நிஜமா பலன் தருதுன்னு ஆராய்ச்சி ஏதாவது இருக்கா, இல்ல நம்பிக்கைதானா?

பதில்: இருக்கு. 2006ல சயின்ஸ் இதழ்ல ஏஞ்சலின் லில்லர்டும் அவங்க கூட ஒருத்தரும் எழுதினது. அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துல ஒரு மாண்டிசோரி ஸ்கூலுக்கு அப்போ குலுக்கல்ல சீட் கொடுத்தாங்க. சீட் கிடைச்ச பிள்ளைங்களையும் அதே குலுக்கல்ல கிடைக்காம வேற ஸ்கூல் போனவங்களையும் ஒப்பிட்டாங்க, அதனால "அக்கறையான பெற்றோர்தானே அங்க சேர்ப்பாங்க"ன்னு தள்ளிட முடியாது. 5 வயசுல ரீடிங், கணக்கு மட்டும் இல்ல, பழகுற விதத்துலயும் வித்தியாசம் தெரிஞ்சுது: பிரச்சனை வந்தா நியாயம் பேசித் தீர்க்குறது கூட, முரட்டு விளையாட்டு கம்மி. ஆனா ஒரு ஸ்கூலை வெச்சு உலகத்துக்கே சொல்லிட முடியாது. அதோட மாண்டிசோரிங்கிற பேரை யார் வேணா போர்டுல போட்டுக்கலாம், தடை இல்ல. அதனால போர்டை விடுங்க, கலந்த வயசு இருக்கா, மூணு மணி நேரம் விடுறாங்களா, பயிற்சி முடிச்ச ஆள் இருக்காங்களான்னு பாருங்க.

கேள்வி: வீட்டுக்கு பிங்க் டவர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பத்து கட்டை, ஸ்கூல்ல இருக்கு, வீட்லயும் இருந்தா ரெண்டு இடத்துலயும் சலிச்சுப் போகும். அதுக்கு பதிலா பிள்ளை கைக்கு எட்டுற உயரத்துல ஒரு ஆணி அடிச்சு ஒரு துடைக்கிற துணியை மாட்டி வைங்க. தண்ணி கொட்டுனதும் நீங்க எழுந்திருக்காம உக்காந்திருங்க.