டெல்ஃபியில் அந்த மூன்று தூண் கோயில் எங்கே?

கிரீஸில் டெல்ஃபிக்கு மாமாவோட போயும், தபால் அட்டையில் பார்த்த மூணு தூண் வட்டக் கோயிலைக் காணலைன்னு கேட்டிருந்தீங்க. நீங்க தேடின அந்தக் கோயில், மாமாவோட ஏறிப் பார்த்த அப்பல்லோ (கிரேக்கக் கடவுள்) வளாகத்திலேயே இல்லை. அது இருக்கிறது, அதீனாங்கிற கிரேக்கப் பெண் தெய்வத்தோட 'அதீனா ப்ரோனையா' வளாகத்தில். அப்பல்லோ வளாகத்திலிருந்து கிழக்கே, ஏதென்ஸ் போற ரோட்டில், சுமார் பதினைந்து நிமிட நடை. ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் இருக்கு.

ஏதென்ஸிலிருந்து அராக்கோவா ஊர் வழியா வரும்போதே இடப்பக்கம் அதைத் தாண்டித்தான் வந்திருப்பீங்க. வர்றவங்க பலரும் நேரா அப்பல்லோ வளாகத்தோட பெரிய வாசலில்தான் வண்டியை நிறுத்துவாங்க. மாமாவைக் குத்தம் சொல்லாதீங்க! தபால் அட்டையில் வெறுமனே 'டெல்ஃபி'ன்னு போட்டிருந்தா யாருக்கும் குழம்பும்.

அட்டையில் இருக்கிற படத்தை ஒருமுறை பாருங்க. தூண்களுக்கு மேல இருக்கிற கல் வளைஞ்சு போகுதா? அப்போ இதுவேதான். முதலில் வெளிவட்டத்தில் 20 தூண்கள். இப்போ நிக்கிற மூணும் 1938இல் தூக்கி நிறுத்தினவை. மேலே அப்பல்லோ கோயிலில் நிக்கிறது ஆறு, அந்தக் கோயில் வட்டமும் இல்லை.

நாளைக்குத் திரும்பப் போறதா இருந்தா காலையிலேயே இதை முடிச்சிடுங்க. நிழல் குறைவு, பாதைக் கல் வழுக்கும், மாமாவுக்கு முழங்கால் வலின்னு வேற சொல்றீங்க. குளிர்காலத்தில் சீக்கிரமே மூடிடுவாங்க, நேரத்தைக் கேட்டுட்டுக் கிளம்புங்க.