ரத்தத்தில் கிருமி வந்து மீண்ட குழந்தையைத் தாய் தொட அஞ்ச வேண்டுமா?

கேள்வி: எனக்கு 35 வாரத்திலேயே பிரசவமாகி, 1.9 கிலோ எடையில் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையில் இருந்தபோதே ஐந்தாம் நாள் பால் குடிப்பதை நிறுத்திவிட்டாள், உடம்பும் சில்லிட்டுப்போனது. ரத்தத்தில் கிளெப்சியெல்லா என்ற கிருமி இருப்பதாகச் சொல்லி 14 நாள்கள் ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாள்கள் ஆகின்றன. இன்று அவளுக்கு 22-ஆம் நாள். கிருமி என்னிடமிருந்து வந்ததா, மருத்துவமனையில் தொற்றியதா? அவளைத் தூக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. சேனை வைக்காததால்தான் இப்படி ஆனது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பார்க்க வரும் உறவினர்களையும் தடுக்க முடியவில்லை. நான் என்ன செய்வது?
வாசகி, கோவில்பட்டி

பதில்: முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். குழந்தையைத் தாராளமாகத் தூக்குங்கள். கையைக் கழுவிவிட்டுத் தூக்குங்கள். இந்த இரண்டில் எதை விட்டாலும் குழந்தைக்கு நல்லதல்ல.

பிறந்த 72 மணி நேரத்துக்குள் தெரியவரும் தொற்று, பெரும்பாலும் பனிக்குடம் உடைந்து நெடுநேரம் ஆனதாலோ, பிரசவ நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல் இருந்ததாலோ, பிறப்புப் பாதையிலிருந்து வருவதாகக் கருதப்படுகிறது. உங்கள் மகளுக்கு ஐந்தாம் நாள்தான் அறிகுறிகள் தோன்றின, அதுவும் கிளெப்சியெல்லா. மனிதக் குடலில் இயல்பாகவே வாழும் இந்தக் கிருமி, மருத்துவமனைகளில் கைகழுவும் தொட்டி, சளி உறிஞ்சும் குழாய், திறந்து வைத்த மருந்துப் புட்டி போன்ற ஈரமான இடங்களில் தங்கி, ஒரு குழந்தையைத் தொட்ட கை அடுத்த குழந்தையைத் தொடும்போது இடம் மாறக்கூடியது. ஆகவே, பிறந்த பிறகு மருத்துவமனைச் சூழலில் தொற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அது யாருடைய கை என்பதை ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துச் சொல்லிவிட முடியாது. உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொள்வதற்கும் அதில் இடமில்லை.

குறைமாதக் குழந்தைகளுக்கு ஏன் எளிதில் தொற்றுகிறது என்றால், தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் சேர்வது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான். முன்னதாகவே பிறந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பு குறைவு, தோலும் மெல்லியது. அந்தக் குறையை ஈடுசெய்வதில் தாய்ப்பாலுக்கும் தாயின் உடல் அணைப்புக்கும் பெரும் பங்கு உண்டு. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 1.8 கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள குழந்தைகளிடம் நடத்தி 2021-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், பிறந்ததும் தாயின் மார்போடு அணைத்து வைக்கப்பட்ட குழந்தைகளில் 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். உடல்நிலை சீரான பிறகே அவ்வாறு அணைக்கப்பட்டவர்களில் அது 15.7 சதவீதம். தொற்று இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டதும் முதல் பிரிவில் குறைவு. தாய் தொட்டால் கிருமி ஒட்டும் என்று கண்ணாடிக்கு வெளியே பெற்றவளை நிறுத்திவைத்த பழைய வழக்கம் தவறு என்பதை மருத்துவ உலகம் தாமதமாகவே ஒப்புக்கொண்டது. உங்கள் மகளுக்கு இரண்டரைக் கிலோ எடை வரும்வரை, நாளுக்கு எத்தனை மணி நேரம் முடியுமோ அத்தனை மணி நேரம், கங்காரு முறையில் வெறும் மார்போடு அணைத்து வைத்திருங்கள்.

கை கழுவுவது எப்படி என்று எழுதுவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். பயிற்சி மருத்துவராகப் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நான் நுழைந்த முதல் நாள், மூத்த செவிலியர் ஒருவர் என் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றச் சொல்லி, மூன்று முறை திரும்பக் கழுவவைத்தார். அன்று கோபம் வந்தது. இன்று என் மாணவர்களிடம் நானும் அதையே செய்கிறேன். சோப்பும் தண்ணீருமாக 40 முதல் 60 விநாடி, விரல் இடுக்கு, கட்டைவிரல், நக நுனி எல்லாம் தேய்க்க வேண்டும். கையில் அழுக்கு தெரியாதபோது சானிடைசரால் 20 முதல் 30 விநாடி தேய்த்து உலரவிட்டாலும் போதும். குழந்தைக்கு மலத்துணி மாற்றிய பிறகும், பால் கொடுக்கும் முன்பும், பீய்ச்சிய பாலைப் பாலாடையில் ஊற்றும் முன்பும் இது தவறக் கூடாது. பாலாடையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொதிநீரில் 10 நிமிடம் வையுங்கள். புட்டிப்பால் வேண்டாம். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, மருத்துவரோ செவிலியரோ கையைச் சுத்தம் செய்யாமல் குழந்தையைத் தொட வந்தால், "கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் மருத்துவர் இருந்தால் தவறு அவருடையது.

சேனை வைக்காததால் தொற்று வரவில்லை. வைத்திருந்தால் வர இன்னொரு வழி திறந்திருக்கும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், உரை மருந்து எதுவுமே இப்போது வேண்டாம். தேனை ஒரு வயதுவரை தரவே கூடாது. தொப்புள்கொடி இந்நேரம் விழுந்திருக்கும். அந்த இடத்தில் வசம்புக் கரி, மஞ்சள், எண்ணெய் என எதையும் தடவாமல் உலர்வாக விடுங்கள். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதையும், குழந்தையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பதையும் தவிர்க்கவும். பிதுக்கிய மார்பில் சீழ் வைத்து, கத்தி வைக்க வேண்டிய நிலையில் வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்களிடம் வாதாட வேண்டாம். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று பழியை என்மீது போட்டுவிடுங்கள். உறவினர்களுக்கும் அதே பதில்தான்: சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தோல் புண் உள்ளவர்கள் பிறகு வரட்டும், மற்றவர்கள் தள்ளி நின்று பார்க்கலாம், யாரும் முத்தமிட வேண்டாம். உங்களுக்கே சளி பிடித்தால் முகக்கவசம் அணிந்துகொண்டு பால் கொடுப்பதைத் தொடருங்கள்.

பச்சிளங்குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்கும் என்று காத்திருக்கக் கூடாது. உங்கள் மகளைப் போலச் சில்லிட்டும் போகலாம். உடல் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸை எட்டினாலோ 35.5-க்குக் கீழே இறங்கினாலோ, பால் குடிப்பது குறைந்தாலோ, தட்டி எழுப்பினால் மட்டும் அசைந்தாலோ, அமைதியாக இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தால் மூச்சு 60 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளிழுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள் படர்ந்தாலோ, தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்தாலோ, விடியட்டும் என்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். போகும் வழியிலும் மார்போடு அணைத்தே கொண்டுசெல்லுங்கள். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்; அது நோயை மறைத்து நேரத்தைக் கடத்தும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த 30 நாள்களுக்குள் கண்ணின் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். ரத்தத் தொற்று வந்த குழந்தைக்கு அது இன்னும் அவசியம். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள் காதைப் பாதிக்கக்கூடும் என்பதால் செவித்திறன் பரிசோதனையும் தேவை. டிஸ்சார்ஜ் தாளில் இவை இரண்டும் முடிந்ததாக எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எழுதியிருக்காவிட்டால், கண் பரிசோதனைக்கு உங்களுக்கு இன்னும் எட்டு நாள்களே இருக்கின்றன.