யாரும் அதிகம் பேசாத, ஆனால் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ராக் இசைக்குழு எது?

எத்ரோன் ஃபூ லெலூப்லான். பிரான்ஸ்காரர்கள். பெயரிலேயே தங்களுக்குக் குழி வெட்டிக்கொண்டவர்கள்: 'எத்ரோன்' என்றால் மலம், 'ஃபூ' என்றால் பைத்தியம், மிச்சம் வார்த்தை விளையாட்டு. இதைப் போஸ்டரில் போட்டு எவ்வளவு டிக்கெட் விற்க முடியும், சொல்லுங்கள்.

1973 டிசம்பரில் மாக்மா குழுவின் கச்சேரிக்கு முன்னால் வாசித்துத்தான் முதன்முதலாக மேடையேறினார்கள். பிரெஞ்சு ப்ராக்ரசிவ் ராக் (நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக்) என்றாலே இன்றும் மாக்மாவைத்தான் சொல்வார்கள். அதில் ஒரு பூசை கம்பீரம் இருக்கும். இவர்களிடம் இருப்பது சந்தைக்கடைச் சத்தம். முதல் இசைத்தட்டின் பெயரே 'பாத்லாஜ்', அதாவது தெருவித்தை.

அதில் மூன்றே பேர்: பாஸ் கிதாரில் ஃபெர்தினான் ரிஷார், டிரம்ஸில் கிகு ஷெனெவியே, சாக்ஸபோனில் கிரிஸ் ஷானே. ரிஷாரின் பாஸ் அடியில் பதுங்கி உறுமாது. கம்பிகளைச் சேர்த்துப் பிறாண்டுவார்; தகர டப்பாவை இழுத்துக்கொண்டு ஓடுவது போலக் கேட்கும். தாளம் இப்போதுதான் பிடிபட்டது என்று தலையாட்டத் தொடங்குவோம், உடனே ஷெனெவியே அதைக் கலைத்துவிடுவார். முதல் பாட்டே ஏறக்குறைய 18 நிமிடம். பாதியில் என் மனைவி எட்டிப் பார்த்து, "இன்னும் சுருதி சேர்த்து முடிக்கலையா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

1978 மார்ச்சில் இங்கிலாந்தின் ஹென்றி கவ் குழு 'ராக் இன் அப்போசிஷன்', அதாவது 'எதிரணியில் ராக்' என்று லண்டனில் ஐந்து குழுக்களை ஒரே மேடையில் சேர்த்தது. 'ரெக்கார்டு கம்பெனிகள் உங்கள் காதில் விழக்கூடாது என்று நினைக்கும் இசை' என்பது அதன் முழக்கம். பிரான்ஸிலிருந்து போனது இவர்கள்தான். அந்தத் தொடர்பில் ஹென்றி கவ்வின் கிதார் கலைஞர் ஃப்ரெட் ஃப்ரித் இவர்களுக்கு நெருக்கமானார். 1981இல் வந்த அவருடைய 'ஸ்பீச்லெஸ்' இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க இவர்களோடு வாசித்ததுதான்.

1986இல் குழு கலைந்தது. பிரெஞ்சு தெரியாமல் கேட்டால் பாதி நகைச்சுவை போய்விடும், உண்மைதான். எனக்கும் தெரியாது. ஆனால் அந்தக் குரல்கள் சண்டை போடுவதும் கெஞ்சுவதும் கிண்டலடிப்பதும் புரிய அகராதி வேண்டியதில்லை.

புதிதாகக் கேட்பவர்கள் 'பாத்லாஜ்' பக்கம் உடனே போகாதீர்கள். 1982இல் ஃப்ரித் தயாரித்த 'லே பூமோன் கோன்ஃப்ளே' இசைத்தட்டில் தொடங்குங்கள். அதற்குள் ஜோ திரியோன் என்ற பெண் ஆர்கனோடு வந்து சேர்ந்திருந்தார். மற்றவர்கள் நாலு பக்கமும் சிதறும்போது பிடித்துக்கொள்ள அந்த ஆர்கன் இருக்கும்.