வில்லங்கம் போட்டது யார்?

கேள்வி: அப்பா ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) சம்பளத்தில் கட்டிய பெரம்பூர் வீட்டில் அவரும், கணவரை இழந்த அக்காவும் இருக்கிறார்கள். நாங்கள் மடிப்பாக்கத்தில் வாடகைக்கு. வீட்டை எழுதி வாங்கச் சொல்லி சித்திரையிலிருந்து மனைவி பாடாய்ப் படுத்துகிறாள். ‘நீங்கெல்லாம் ஒரு ஆம்பளையா’ என்கிறாள். பி.ஏ.வில் ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகம் படித்தவன் நான். எனக்கு வாய்த்தவளும், ராஜாவைக் கொல்லச் சொல்லிப் புருஷனைத் தூண்டிய லேடி மெக்பெத்தான். அப்பா நான் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவார். தை மாதமே வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டேன், சிக்கல் இல்லை. இவளை எப்படிச் சமாளிப்பது?
- பெயர் வேண்டாம், மடிப்பாக்கம்

பதில்: தையில் வில்லங்கம் போட்டீர்கள். மனைவி வாயைத் திறந்தது சித்திரையில். நடுவில் மாசி, பங்குனி என்று இரண்டு மாதம் கிடக்கிறதே சார், அப்போது உங்களைத் தூண்டியது யார்?

நாடகத்தைப் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள் போல. சூனியக்காரிகள் ‘ராஜா ஆவாய்’ என்றதுமே மெக்பெத்தின் மனதில் கொலை எட்டிப் பார்த்துவிடுகிறது, அப்போது மனைவி பக்கத்தில்கூட இல்லை. பிறகு அவன் பின்வாங்கும்போது அவள் கேட்கிறாள்: அப்படியென்றால் இந்தத் திட்டத்தை என்னிடம் முதலில் சொன்னது எந்த மிருகம்? நாடகம் எழுதி 400 வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் பழி முழுக்க அவள் தலையில்தான்.

அவனுக்கு நியாயம் தெரியாமலும் இல்லை. டங்கன் என் சொந்தம், என் ராஜா, போதாததற்கு என் வீட்டு விருந்தாளி, கொல்ல வருகிறவனுக்குக் கதவைச் சாத்த வேண்டிய நானே கத்தியைத் தூக்கலாமா என்று தனக்குள் வாதாடுகிறான். ஆணுக்குத் தகுந்ததை எல்லாம் செய்வேன், அதற்கு மேல் துணிகிறவன் ஆணே இல்லை என்று அவளிடமும் சொல்கிறான். அந்த வார்த்தையில் நின்றிருக்கலாம், நிற்கவில்லை, கொன்றுவிட்டான். பிறகு நண்பன் பாங்க்வோவைக் கொல்ல ஆள் பிடிக்கும்போது, மனைவி தன்மேல் வீசிய அதே ‘ஆம்பளையா’வை அந்தக் கூலிக்காரர்கள் மேல் வீசி வேலை வாங்குகிறான். வீட்டில் பையன் இருந்தால் ஜாக்கிரதை, அடுத்து அவனிடம்தான் இதைச் சொல்வீர்கள்.

எனக்கு அந்த நாடகத்தில் ஆம்பளை என்றால் மெக்டஃப் என்கிற பிரபுதான். மெக்பெத் அனுப்பிய ஆட்களால் மனைவி, பிள்ளைகள் வெட்டுப்பட்ட சேதி வருகிறது, ‘ஆணாக எதிர்கொள்’ என்கிறான் டங்கனின் மகனான இளவரசன். செய்வேன், ஆனால் ஆணாக அதை உணரவும் வேண்டும் என்கிறான் இவன். (அவர்களைக் காவலில்லாமல் விட்டுவிட்டு இங்கிலாந்துக்குப் போனவனும் இவன்தான், அதை நான் மன்னிக்கவில்லை.)

உங்கள் கதைக்கு வருவோம். ‘நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவார்’ என்று எழுதும்போது கை கூசவில்லையா? படித்துப் பார்க்காமல் போடுகிறார் என்றால் உங்களை நம்பிப் போடுகிறார். சுயமாகச் சம்பாதித்த வீடு, யாருக்கு வேண்டுமானாலும் அவர் கொடுக்கலாம். உயில் எழுதாமல் போனால் அக்காவுக்கும் உங்களுக்குச் சமமான பங்கு, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பங்கைச் சத்தமில்லாமல் முடிக்கத்தானே இந்தக் கையெழுத்து? தாலியறுத்து வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்குத் தம்பி செய்கிற சீரா இது?

உங்கள் மனைவியின் பேச்சு எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் வாடகை கட்டி மாளவில்லை என்பது நிஜமான கஷ்டம். அதை இந்த ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் போய், மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பா, அக்கா இரண்டு பேர் முன்னாலும் சொல்லுங்கள். வில்லங்கம் எடுத்ததையும் சேர்த்து. மாடியில் ஒரு போர்ஷன் கிடைக்கலாம். முடியாது என்றார்களானால் மடிப்பாக்கத்து வாடகையைக் கட்டுங்கள்.