ஒரே தாவில் தாண்டிவிடும் ஆறு

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அரிசோனாவின் சான் பெட்ரோ ஆற்றைப் பார்க்கக் குடும்பத்தோடு போனோம். ஏமாற்றம்தான். முழங்கால்கூட நனையவில்லை, ஒரே தாவில் தாண்டிவிடலாம். சில இடங்களில் வெறும் மணல். இதற்கா 57,000 ஏக்கரைக் காப்பிடமாக ஒதுக்கினார்கள்?

கே., டூசான்

அன்புள்ள கே.,

ஜூன் மாதம் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஜூலையில் மழை இறங்கியபின் அங்கே தாவிப் பார்க்கத் துணிந்திருக்க மாட்டீர்கள். சரி, அது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை. அந்த ஆற்று நீரில் நாம் பார்ப்பது கொஞ்சம்தான், மிச்சம் மணலுக்கு அடியில் இருக்கிறது. கரையில் ஓங்கி நிற்கும் காட்டன்வுட் மரங்கள் அந்த அடிநீரைக் குடித்துத்தான் உயிர் வாழ்கின்றன. நீர்மட்டம் சில மீட்டர் இறங்கினால் மரம் பட்டுவிடும், அப்புறம் பறவைக்கு அங்கே என்ன வேலை? மெக்சிகோவில் பிறந்து வடக்கே ஓடும் அந்த ஆற்றின் பச்சை மரவரிசையைப் பிடித்துக்கொண்டுதான் வலசைப் பறவைகள் பாலையைக் கடக்கின்றன. கூடு கட்டுபவை நூறு வகைக்கு மேல், வந்து போகிறவை சுமார் 250 வகை.

அந்தக் காப்பிடத்திலேயே இருக்கும் மர்ரி ஸ்பிரிங்ஸ் அகழாய்வு இடத்தைப் பார்க்காமல் திரும்பிவிட்டீர்கள் போலிருக்கிறது, எனக்கு அதுதான் வருத்தம். ஏறக்குறைய 13,000 ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் தேடி வந்த மாமத் யானையை (இன்று அழிந்துபோன இனம்), அதே தண்ணீருக்கு வந்த க்ளோவிஸ் என்ற கற்கால வேட்டைக்காரர்கள் அங்கே கொன்று கூறுபோட்டிருக்கிறார்கள். 1966இல் தொடங்கி ஆய்வாளர் வான்ஸ் ஹேய்ன்ஸ் குழுவினர் தோண்டியபோது எலும்புகளும் கல் ஈட்டிமுனைகளும் ஒரு கறுப்பு மண்படலத்துக்கு நேர் அடியில் கிடந்தன. படலத்துக்கு மேலே மாமத்தின் எலும்பே இல்லை, அதற்குள் அவை அங்கிருந்து மறைந்துவிட்டன. ஈட்டிக் கம்பை நிமிர்த்துவதற்காக அந்த யானையின் எலும்பிலேயே துளையிட்டுச் செய்த கருவி ஒன்றும் கிடைத்தது. அதன் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனம் நிறையவில்லை.

ஆற்றில் மரக்கிளைகளால் அணை கட்டும் விலங்கான பீவரின் கதை இன்னும் கிட்டத்தில் நடந்தது. 1820களில் தோலுக்காக வந்தவர்கள் இந்த ஆற்றை பீவர் ஆறு என்றே அழைத்தார்கள், அவ்வளவு இருந்தன, அத்தனையையும் பிடித்துத் தீர்த்தார்கள். 1999 முதல் பதினைந்து போலக் கொண்டுவந்து விட்டார்கள். அவை கட்டும் அணையில் தேங்கும் நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கும்.

1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆற்றோரமாக 40 மைலைக் காப்பிடமாக்கியது. ஆனால் அந்த எல்லைக்கோடு தரைக்கு மேலேதான். பக்கத்தில் சியர்ரா விஸ்டா நகரமும் ராணுவத் தளமும் இருக்கின்றன, அந்தப் பகுதிக் கிணறுகள் உறிஞ்சுவது ஆற்றுக்கு வரவேண்டிய அடிநீரை. 57,000 ஏக்கர் போதாது என்றுதான் எனக்குப் படுகிறது.

மர்ரி ஸ்பிரிங்ஸில் நடைபாதை சின்னதுதான், பிள்ளைகளும் நடந்துவிடுவார்கள். ஏப்ரலில் ஒருமுறை போய்வந்து எழுதுங்கள்.